கிர்ணியில் கற்ற மராத்தி

எங்கள் வீட்டில் ரத்தத்தைப் பற்றிய பேச்சு, மராத்திப் பரீட்சையின் விடைத்தாள் வரும் நாளில்தான் எழும். அப்பா இரண்டு தாள்களையும் கட்டிலின் மேல் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பார். ஒன்றில் ஆசிரியை ஏதாவது பாராட்டி எழுதியிருப்பார். இன்னொன்றில் சிவப்பு மை வட்டம் இருக்கும். வட்டம் போட்டது என்னுடையது.

"சின்னவளுக்கு என் ரத்தம். பெரியவளுக்கு உன் ரத்தம்" என்று அம்மாவிடம் சொல்வார். அதில் கோபம் இருக்காது. மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலச் சொல்வார்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "ஒரே வயித்துல ஒட்டிக்கினு கெடந்ததுங்க. ரத்தத்த யாரு பங்கு போட்டுக் குடுத்தது, நீங்களா?" என்பாள்.

நானும் தங்கையும் இரட்டை. முகத்தில், உயரத்தில், முடியின் சுருளில், சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறும் உதட்டில், எதிலும் வேறுபாடு கிடையாது. புனேயில் கட்கிப் பக்கம் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அக்கம்பக்கத்தார் எங்களை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். ஏதாவது கேட்பார்கள். வாயைத் திறந்தால் அது சின்னது. திறக்காமல் காலைப் பார்த்தால் அது பெரிசு.

அப்பா ஆரணிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். தொழிற்சாலையில் இந்தி, மராத்தி, கொஞ்சம் தெலுங்கு எல்லாம் அவர் மேல் இரும்புத்தூள் ஒட்டுவதைப் போல ஒட்டிக்கொண்டன. அம்மா கல்யாணமாகி வந்தவள். கதவைத் தாண்டினால் அவளுக்கு மொழி கிடையாது, சிரிப்பும் ஆள்காட்டி விரலும்தான். காய்க்காரரிடம் விரலைக் காட்டுவாள், விலையைக் கேட்டதும் சிரிப்பாள், சேலைத் தலைப்பின் நுனியைப் பல்லால் கடித்துக்கொள்வாள். நானும் அப்படித்தான் கடிப்பேன், என்னுடையது சேலைத் தலைப்பு இல்லை, பள்ளிக்கூட டையின் நுனி. அதனால் அப்பா சொன்னது எனக்கும் சரியென்றுதான் பட்டது. உடம்புக்குள் மொழிக்கென்று ஒரு அறை இருக்கும், எனக்கு அம்மாவின் அறை கிடைத்திருக்கிறது, அதன் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். பிறப்பில் வருவது எது, வளர்ப்பில் வருவது எது என்று பெரிய புத்தகங்கள் சொல்வது எனக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் நடந்தது மட்டும் தெரியும்.

சின்ன வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. வெயிலில் அனுப்பாதீர்கள், வெளியில் எதையும் வாங்கிச் சாப்பிட விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். காமாலை சீக்கிரமே போய்விட்டது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பொருளை ஒரு இடத்தில் வைத்துவிட்டால் அது அங்கேயே இருக்கும். பால், ரேஷன், மளிகை, கோதுமை அரைத்து வருவது எல்லாம் தங்கையின் வேலை. அரிசியில் கல் பொறுக்குவது, துணி மடிப்பது, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலை.

அம்மா ஒரு துணிக்கடைக்காகச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். கை ஓயாது. ஊருக்குப் போய் வருபவர்கள் கொண்டு வரும் பழைய தமிழ் வாரப் பத்திரிகைகளை நான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதற்காகவே எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாள். சட்டைத் துணி மேல் சாக்பீஸால் 'க' போட்டுக் காட்டுவாள், நான் பார்த்ததும் தட்டிவிடுவாள். தங்கை அந்த நேரம் தெருவில் இருப்பாள். அப்போது அவள் தமிழ் எழுத்து படிக்கவில்லை. இன்றைக்கும் தமிழில் ஒரு பெயர்ப் பலகையைப் படிக்க அவளுக்கு நேரமாகும்.

அந்த மத்தியான வேளைகளை நினைத்தால் இப்போதும் கண் சொருகும். ஜன்னல் ஓரம் பாய். வெளியே வேப்பமரம். பத்திரிகையை மார்பில் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்திருப்பேன். தூக்கமும் விழிப்பும் இல்லாத அந்த இடத்தில் வெளியிலிருந்து மராத்தியும் நடுநடுவே இந்தியும் வரும். காய்வண்டிக்காரரின் கூவல், பழைய சாமான் வாங்குபவரின் இழுப்பு, பிள்ளைகள் நொண்டி ஆடும்போது எண்ணும் எண்கள், யாரோ யாரையோ மாடியிலிருந்து கூப்பிடுவது. எதுவும் என்னைக் கூப்பிடவில்லை. அதனால் பயமில்லாமல் கேட்கலாம். எல்லாம் ஜன்னல் கம்பி வழியே ஒழுகி வந்து என் மேல் மெல்ல நிரம்பும். எப்போது அது புரிய ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் குழாயடியில் இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள். சண்டை முடிந்த பிறகு பார்த்தால், நியாயம் யார் பக்கம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் பேச்சு வரவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. என்னை யாராவது பெயர் கேட்டால் தங்கை சொல்லிவிடுவாள். எனக்குத் தாகமெடுத்தால் ஆசிரியையிடம் அவள்தான் எழுந்து கேட்பாள். என் வயது, என் பசி, என் தலைவலி எல்லாம் அவள் வாயில் இருந்தன.

எங்கள் பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியம். ஐந்தாம் வகுப்பிலிருந்து மராத்தி இரண்டாம் மொழி. எழுத்துப் பரீட்சை ஒன்று, வாய்மொழிப் பரீட்சை ஒன்று. எழுத்தில் எப்படியோ கரையேறுவேன். வாய்மொழியில் மேசைக்கு முன்னால் போய் நிற்பேன், டையைக் கடிப்பேன், திரும்பி வருவேன். முதல் இரண்டு வருடமும் ஏதோ இரக்கத்தில் மேலே தள்ளினார்கள். ஏழாம் வகுப்பில் வந்த மராத்தி ஆசிரியை அப்படிப்பட்டவர் இல்லை. கெட்டவரும் இல்லை. அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அப்பாவை வரவழைத்தார். மூடிய வாய்க்கு மார்க் போட எனக்குத் தெரியாது, ஏப்ரலிலும் இப்படியே நின்றால் பெரியவள் ஏழாவதிலேயே இருப்பாள், சின்னவள் மேலே போவாள் என்று சொன்னார்.

அன்று மாலை அப்பா வந்து அதை அம்மாவிடம் சொன்னார். தங்கை உடனே, "அப்ப நானும் ஃபெயில் ஆயிடறேன்" என்றாள்.

"செருப்பு பிஞ்சிடும்" என்றார் அப்பா.

எனக்கு ஃபெயிலாவது பெரிதாகத் தெரியவில்லை. அந்த பெஞ்சுதான் கண்ணில் வந்து நின்றது. பிறந்ததிலிருந்து என் இடது கைப் பக்கம் அவள் இருப்பாள். வகுப்பிலும் அப்படித்தான். அடுத்த வருடம் அந்த இடத்தில் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். ஆசிரியை பெயர் கேட்பார். யார் சொல்வது?

அந்தக் குளிர் காலத்தில்தான் கல்லூரியிலிருந்து ஒரு அம்மா எங்கள் பள்ளிக்கு வந்தார். பள்ளியில் இரண்டாம் மொழி படிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி. அதற்கு இரட்டையர்கள் வேண்டுமாம். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம், மார்க்கெட்டில் ஒரே மாதிரி இரண்டு மாம்பழம் கிடைத்தவர் போல இருந்தது. எங்களைத் தனித்தனியாக நூலக அறைக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு டேப் ரெக்கார்டர். அதிலிருந்து வார்த்தைகள் வரும், கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எந்த மொழியிலும் இல்லாத, அர்த்தமே இல்லாத வார்த்தைகள் என்று முதலிலேயே இந்தியில் சொல்லிவிட்டார். நான் டையைக் கடித்ததைப் பார்த்து, எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

குளிர்ந்த அறை. புத்தகங்களின் மக்கல் வாசனை. அர்த்தமில்லாத ஒரு வார்த்தை காற்றில் வந்தது. அதைச் சொன்னேன். இன்னொன்று வந்தது. அதையும் சொன்னேன். அர்த்தமில்லாத வார்த்தையைத் தப்பாகச் சொல்லிவிட்டால் யாரும் சிரிக்க முடியாது அல்லவா? வாய்க்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவது போல இருந்தது. போகப் போக நீளமான வார்த்தைகள் வந்தன. அது முடிந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். முகத்தைச் சுற்றித் துப்பட்டா கட்டிக்கொண்டு மொபெட்டில் வந்து இறங்கியவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. அப்பா ஓவர்டைம் போயிருந்தார். அம்மாவுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. தங்கை இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

யார் முதலில் பிறந்தது, யாருக்கு என்ன நோய் வந்தது, யார் முதலில் நடந்தது என்று அவர் கேட்டார். தங்கை தமிழில் கேட்டு, அம்மா சொன்னதை இந்தியில் சொன்னாள். எங்கே எதைச் சேர்த்தாள், எங்கே எதை விட்டாள் என்று எனக்குத் தெரியும். தான்தான் முதலில் நடந்ததாகச் சொன்னாள். அது பொய். அப்புறம் யார் கடைக்குப் போவது, விருந்தாளி வந்தால் கதவைத் திறப்பது யார், மத்தியானம் யார் எங்கே இருப்பீர்கள் என்றெல்லாம் கேட்டார். அதுவரை வேகமாக எழுதிக்கொண்டிருந்தவர் இந்தக் கேள்விகளின்போது பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

கடைசியில் அம்மாவைப் பார்த்து அவரே இந்தியில் பேசினார். டேப்பில் இரண்டு பேரும் சொன்னதைப் போட்டுக் கேட்டால் தன்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை, தப்பு செய்த இடங்கள்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றார். இரண்டு பேருக்கும் ஒரே காது, ஒரே நாக்கு. பெரியவளுக்கு மொழி வராமல் இல்லை, பேசுவதற்கு இடம்தான் கிடைக்கவில்லை. ஆராய்ச்சிக்கு வந்த நான் இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன், கொஞ்ச காலம் வெளி வேலைக்கெல்லாம் பெரியவளை மட்டும் அனுப்புங்கள், சின்னவளை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

தங்கையின் கால் ஆடுவது நின்றது. பிறகு மறுபடி ஆடியது.

"இன்னா சொல்றாங்கோ?" என்றாள் அம்மா.

"எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பணுமாம். அப்பதான் நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்க முடியுமாம்."

அந்த அறையில் வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. அதற்குள் தூசி மிதந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கு வெளியிலிருந்து வருவதைப் போலக் கேட்டது.

"அவங்க அப்படிச் சொல்லல."

அம்மா திரும்பினாள்.

"என்னை மட்டும் அனுப்பச் சொன்னாங்க. அவள ஊட்ல வெச்சிக்கச் சொன்னாங்க."

"அவங்க பேசறது உனக்குப் புரியுதா?"

"புரியும்."

"எல்லாமேவா?"

"எல்லாம்."

கல்லூரி அம்மாவுக்கு நாங்கள் பேசியது ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். அம்மா டீ போட எழுந்து போனாள். தங்கை நாற்காலியிலிருந்து இறங்கி, என்னைக் கடந்து போகும்போது, "காட்டிக் குடுத்துட்ட இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு வெகுநாள் என்னிடம் பேசவில்லை.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அவளுக்குத் தெருவில் ஒரு வாழ்க்கை இருந்தது. மளிகைக் கடையில் அவளுக்கென்று ஒரு கடலை மிட்டாய் எடுத்து வைப்பார்கள். கிர்ணியில் அவளை எல்லோருக்கும் தெரியும். அவையெல்லாம் ஒரே நாளில் எனக்கு வந்துவிட்டன. வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. எனக்கும் ஒன்று போனது. மத்தியானப் பாய் அவளுக்குப் போனது. அம்மா அவளிடம் பத்திரிகையைக் கொடுத்து எழுத்துக் கூட்டச் சொன்னாள். நான் மளிகை வாங்கிக்கொண்டு வாசலில் நுழையும்போது, உள்ளே என் குரலைப் போலவே ஒரு குரல் தமிழில் தடுக்கித் தடுக்கி விழுந்துகொண்டிருக்கும்.

மளிகை, பால் எல்லாம் சமாளித்துவிடலாம். சீட்டைக் கொடுத்தால் போதும். கிர்ணிதான் பயம். கிர்ணி என்றால் மாவு அரைக்கும் இடம். புனேயில் கோதுமை, சோளம், கம்பு எல்லாவற்றையும் டப்பாவில் கொண்டு போய் அரைத்து வர வேண்டும். தகரக் கூரை போட்ட நீளமான அறை. பெரிய தோல் பட்டைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே போனால் காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிடும். மாவு பறந்து பறந்து சுவர், விளக்கு, சிலந்தி வலை, அரைப்பவரின் புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். காற்றுத் துளை வழியாக வரும் வெயில் வெறும் வெயிலாக இருக்காது, கையை விட்டால் தொட முடியும் போலக் கெட்டியாக நிற்கும். அதற்குள் நிற்பவர்களைப் பார்த்தால் கனவில் வருபவர்கள் போல இருப்பார்கள். வாய் அசையும், சத்தம் வராது.

முதல் நாள் டப்பாவை வரிசையில் வைத்துவிட்டு நின்றேன். அரைப்பவர் என்னைப் பார்த்து என்னவோ கேட்டார். நான் தலையாட்டினேன். அன்று ராத்திரி சப்பாத்தி தேய்க்கும்போதே உடைந்தது. நிறம் சாம்பல். எனக்கு முன்னால் யாரோ கம்பு அரைத்திருக்கிறார்கள். எந்திரத்தில் மிச்சமிருந்த கம்பு மாவெல்லாம் எங்கள் கோதுமையோடு வந்துவிட்டது. அதைத்தான் அவர் கேட்டிருக்கிறார், பரவாயில்லையா என்று. நானும் பரவாயில்லை என்று தலையாட்டியிருக்கிறேன்.

அப்பா ஒன்றை எடுத்துத் தட்டில் தட்டிப் பார்த்தார். "இன்னா இது, வரட்டியா? அடுப்புல போடறதா, வாயில போடறதா?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோபம் வந்த பிறகு அவள் என் முன்னால் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்த பிறகு பேசாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"முன்னாடி யாரு என்ன அரைச்சாங்கன்னு கேக்கணும்டி. கம்புக்கு அப்புறம் கோதுமை போடக் கூடாது. ரெண்டு பேர் கோதுமை வெச்சிருந்தா அவங்களுக்குப் பின்னால வெக்கணும். 'ஆதி கஹூ'ன்னு சொல்லணும், மொதல்ல கோதுமைன்னு."

"எப்படிச் சொல்றது?"

"கத்தணும். அங்க மெதுவா பேசினா மீன் மாதிரிதான் இருப்ப."

அடுத்த முறை போனபோது டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்று, முதலில் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன். ஆதி கஹூ. யாரும் பார்க்கவில்லை. கொஞ்சம் குரல் விட்டேன். எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். அப்போதும் கேட்கவில்லை. அந்தச் சத்தம் ஒரு பெரிய போர்வையைப் போல என்னை மூடிக்கொண்டது. அதற்குள் நான் தனியாக இருந்தேன். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அன்றிலிருந்து கிர்ணிக்குப் போவதென்றால் எனக்கு ஆசை. என் முறை வரும்வரை அந்தச் சத்தத்துக்குள் நின்று மராத்தியில் பேசுவேன். பள்ளிப் பாட்டு, பழைய சாமான்காரரின் கூவல், குழாயடிச் சண்டையில் இரண்டு பெண்களும் பேசிய பேச்சு, எனக்குத் தோன்றியது, தங்கையிடம் சொல்ல நினைத்தது. ஜன்னல் வழியாக இத்தனை வருடம் உள்ளே வந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே போனது. மாவு பறந்தது. பட்டை சுற்றியது. நான் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நிற்பவர்கள் நான் ஏதோ மெல்லுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை கரண்ட் போனது. சொல்லாமல் கொள்ளாமல் போனது. பட்டைகள் நின்றன. நான் வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். அரைப்பவரைப் பார்த்து, எனக்கு முன்னால் இருக்கும் அந்தக் கறுப்பு டப்பாவில் என்ன இருக்கிறது, கம்பு என்றால் அதற்குப் பின்னால் என் கோதுமையைப் போடாதே என்று மராத்தியில் கத்திக்கொண்டிருந்தேன். கத்தலின் பின்பாதி அந்த அமைதியில் தனியாகப் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள்.  டையைக் கடிக்கலாம் என்றால் அன்று டை கட்டியிருக்கவில்லை.

அரைப்பவர் அந்தக் கறுப்பு டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தார். "கோதுமைதான். ஆனால் கரண்ட் வந்தால்தானே" என்று மராத்தியில் பதில் சொல்லிவிட்டு, புருவத்திலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். டப்பாவின் சொந்தக்காரப் பெண் என்னைப் பார்த்து, போன வாரம் எனக்கும் கம்பு கலந்துவிட்டது, கேட்பதுதான் நல்லது என்றாள். எவ்வளவு நேரமாகும் என்று என்னிடமே கேட்டாள். தெரியவில்லை என்றேன். மராத்தியில்தான் சொன்னேன். சொன்ன பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஏதாவது நடக்கும் என்று நான் அத்தனை வருடம் காத்திருந்தேன்.

இதை நினைக்கும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகள் ஞாபகம் வரும். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் எனக்குப் புனேயிலேயே கோந்த்வாவில் மகன் பிறந்தான். தங்கைக்குப் பாணேரில் மகள். தங்கை படித்துக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள், நாள் முழுக்கப் பேசும் வேலை. என் மகன் மாடிப்படியில் பிள்ளைகளோடு உருண்டு இந்தியும் மராத்தியும் ஒரே மூச்சில் கொட்டுவான். அவள் மகள் பேசவே மாட்டாள். பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்களாம், மராத்தியில் வாய் திறப்பதில்லை என்று. தங்கை போனில், "அப்படியே உன்னை மாதிரிடி. உன் ரத்தம்" என்றாள்.

"உன் ரத்தமும் அதேதான்டி" என்றேன்.

அவள் போனிலேயே சிரித்துவிட்டாள். பிறகு, "ஆமால்ல" என்றாள். அந்தப் பெண்ணைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், யாரோடு பேசுகிறாள் என்று கேட்டேன். டி.வி.யோடு என்றாள். விடுமுறைக்கு என் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். வந்தாள். என் மகனோடு மாடிப்படியில் விட்டேன். அவள் பேசினாளா என்றால், கொஞ்சம் பேசினாள். அவன் அளவுக்கு இல்லை. எல்லாமே இடத்தால் வருவதும் இல்லை போலிருக்கிறது. என் சங்கோசம் இன்றைக்கும் என்னோடு இருக்கிறது. கல்யாண வீட்டில் நான் இன்னும் தூண் பக்கம்தான் நிற்கிறேன்.

ஏழாம் வகுப்பின் அந்த ஏப்ரல் வந்தது. வாய்மொழிப் பரீட்சை நாளில் வகுப்பே வெந்துகொண்டிருந்தது. மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. தங்கை எனக்கு முன்னால் போய், தண்ணீர் ஓடுவது போலப் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பெஞ்சுக்கு அடியில் என் விரலைப் பிடித்தாள். அவள் கை என் கையைவிட அதிகமாக வியர்த்திருந்தது.

மேசைக்கு முன்னால் போய் நின்றேன். வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல் என்றார் ஆசிரியை. தாளில் முன்கூட்டியே எதையோ எழுதப் போகிறவர் போலப் பேனாவைத் தயாராகப் பிடித்திருந்தார்.

எனக்கு மராத்தி எந்தக் குரலில் தெரியுமோ அந்தக் குரலில்தான் வந்தது. எனக்கு வேறு குரல் தெரியாது. கிர்ணியில் கத்துவது போல, அடிவயிற்றிலிருந்து, கம்பு கலந்த சப்பாத்தியைப் பற்றிக் கத்தினேன். ஜன்னலில் இருந்த புறா பறந்துபோனது. ஆசிரியையின் பேனா கீழே விழுந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். அப்பா வரட்டி என்று சொன்னதற்கு மராத்தியில் வார்த்தை தெரியும், அதையும் சொன்னேன். எந்திரத்துக்குப் பக்கத்தில் ஆண்கள் பேசும் பேச்சும் நடுவில் ஒன்றிரண்டு வந்துவிட்டது. வகுப்பு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்தேன். ஆசிரியை பேனாவை எடுத்தார்.

"எனக்குக் காது நன்றாகக் கேட்கும்" என்றார் மராத்தியில். பிறகு, "இதை எங்கே கற்றாய்?"

"கிர்ணியில்" என்று கத்தினேன்.

அவர் உதட்டை அழுத்திக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. இது பள்ளிக்கூடத்து மராத்தி இல்லை, பாதி வார்த்தையைப் பெண்பிள்ளை சொல்லக் கூடாது என்றார். மார்க் போட்டார். எவ்வளவு என்று காட்டவில்லை.

மே மாதம் முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் நானும் தங்கையும் ஒன்றாகவே கடைக்குப் போனோம். அதை யாரும் தடுக்கவில்லை. முடிவு சொல்லும் அன்று அப்பா லீவு போட்டு வந்தார். மராத்தியில் விளிம்பில் தேறியிருந்தேன். இரண்டு பேருக்கும் எட்டாம் வகுப்பு. அப்பா அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டு, எங்களைக் கூட்டிப் போய் வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். மிளகாய் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். தங்கை வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். வேண்டும் என்று நானே சொன்னேன்.

ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட பிறகு பள்ளி திறந்தது. எட்டாம் வகுப்பில் போய், வழக்கம் போல ஒரே பெஞ்சில், அவள் என் இடது பக்கம், உட்கார்ந்தோம். புது வகுப்பாசிரியை வந்தார். எங்களைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். யார் யார் என்று எனக்குக் குழம்பும், ஒருத்தி ஜன்னல் பக்கம் போ, ஒருத்தி கதவுப் பக்கமாக முன்னால் வா என்று சொல்லிவிட்டார்.

எதற்காக அத்தனை பாடுபட்டோமோ அந்த பெஞ்சு ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. தங்கை பையை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். நான் பின்னால் ஜன்னல் பக்கம் போனேன். வெளியே மழை. வகுப்பு முழுக்க நனைந்த துணி வாசனை. உட்கார்ந்து நிமிர்ந்தபோது அவள் முதுகு தெரிந்தது. இரட்டைப் பின்னல், கழுத்துக் குழி, ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்த தோள். அதுவரை அவளை நான் பின்னாலிருந்து பார்த்ததே இல்லை. எப்போதும் பக்கத்திலேயே இருந்திருக்கிறோம். ஓ, பின்னாலிருந்து பார்த்தால் நான் இப்படித்தான் இருப்பேன் என்று நினைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. மழையில் எல்லாம் கரைந்து தூரத்தில் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் முழங்கையைத் தட்டினாள். முன்னால் இருப்பது உன் அக்காவா, தங்கையா என்று மராத்தியில் கேட்டாள்.

"தங்கை" என்றேன், மெதுவாக. மெதுவாகச் சொல்லவும் அந்த மொழியில் வருகிறதே என்று அப்போதுதான் தெரிந்தது.